கூட்டுறவுச் சங்கமும் தொழிற்சங்கமும்

தமிழில் ‘சங்கம்’ என்னும் ஒரே சொல்லால் நாம் இரு வேறு அமைப்புகளைக் குறிக்கிறோம். நெசவாளர் நூல் வாங்கித் துணி கொடுப்பதும் சங்கத்தில்தான். ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுக் கூடுவதும் சங்கத்தில்தான். தனியொருவனாக நின்று தன் குறையைத் தீர்த்துக்கொள்ள இயலாதவன் தன்னைப் போன்ற பிறருடன் சேர்ந்து நிற்க முற்படும்பொழுது இவை இரண்டும் பிறக்கின்றன. நம் நாட்டு அரசியலமைப்பின் 19ஆவது பிரிவும் இவ்வுண்மையை ஒப்புக்கொள்கிறது. அதில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் கூறும் உட்பிரிவிலேயே, 97ஆவது திருத்தத்தின் வாயிலாக, கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையும் 2012ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுள்ளது.

இவ்வாறு உடன்பிறந்த இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கும்பொழுது சிக்கல் எழுகிறது. “இச்சங்கத்திற்கு நாங்களே முதலாளிகள், உழைப்போரும் நாங்களே. இங்கே தொழிற்சங்கத்திற்கு என்ன வேலை?” என்று நிர்வாகக் குழுவினர் வினவுகின்றனர். “முதலாளிகள் என்று எங்களை ஏட்டில் எழுதியிருக்கிறார்கள், கூலிப் பட்டியல் வரும்பொழுதுதான் நாங்கள் யார் என்பது தெரிகிறது” என்று உறுப்பினர் சிலர் விடையிறுக்கின்றனர். ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் இவ்விரு குரல்களையும் அடிக்கடி கேட்கிறோம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆகவே இதனை உணர்ச்சியால் அன்றி, பிற இடங்களில் நடந்தவற்றைக் கொண்டு ஆராய்வது நலம்.

கம்பெனிகள் எடுக்கும் மூன்று நிலைகள்

தொழிற்சங்கம் குறித்துத் தனியார் கம்பெனிகள் எடுக்கும் நிலைகளைப் பொதுவாக மூன்றாக வகுக்கலாம். முதலாவது, சங்கமே கூடாது என்று தடுப்பது. இரண்டாவது, வெளிச்சங்கத்தை ஏற்காமல், கம்பெனியே ஒரு தொழிலாளர் குழுவை அமைத்துக் குறைகளை அதனிடம் கூறச் சொல்வது. மூன்றாவது, தொழிலாளர் தாமே அமைத்த சங்கத்தை ஏற்றுக்கொண்டு, அதனுடன் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வது. கூட்டுறவு நிலையங்களும் இம்மூன்றில் ஒன்றையே, அறிந்தோ அறியாமலோ, மேற்கொள்கின்றன. ‘கூட்டுறவு’ என்னும் பெயர்ப்பலகை மட்டும் தொழிலாளியின் நலனைக் காத்துவிடாது என்பதற்கு நம் இயக்கத்தின் பிறப்பிடத்திலேயே சான்று உண்டு.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பரில் முன்னோடிகள் கடை திறந்த வரலாறு கூட்டுறவாளர் அனைவரும் அறிந்ததே. அம்முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். அதே நகரில் 1854ஆம் ஆண்டில் கூட்டுறவு முறையில் ஓர் உற்பத்திச் சங்கமும் தொடங்கப்பெற்றது. மூலதனம் இட்டவருக்கு மட்டுமன்றி, ஆலையில் உழைப்பவருக்கும் இலாபத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்பது அதன் விதி. ஆலை பெருகியது, மூலதனம் தேவைப்பட்டது, அங்கே வேலை செய்யாத பங்குதாரர் பலர் சேர்ந்தனர். 1862ஆம் ஆண்டில் அவர்களுடைய வாக்கு மிகுந்தது. உழைப்பாளிக்குரிய பங்கு நீக்கப்பட்டது. சட்டத்திற்கு மாறாக எதுவும் நடக்கவில்லை. பெரும்பான்மை வாக்கின்படியே யாவும் நடந்தன. உழைப்பாளியின் குரலை எடுத்துரைக்கத் தனி அமைப்பு இல்லாதவிடத்து, வாக்கெடுப்பே அவனுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்

இனி நம் அண்டை மாநிலத்திற்கு வருவோம். கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றுதல் பல்லாயிரவருக்குப் பிழைப்பாக இருந்தது. கைத்தறியைப் போலவே அதுவும் கைத்திறனால் நடைபெறும் தொழில், எண்ணிக்கைக்குக் கூலி. இலையும் புகையிலையும் கொடுத்து வேலை வாங்கிய முதலாளிகளும் இடைத்தரகர்களும், சுற்றிய பீடிகளில் குறை கண்டு ஒரு பகுதியை ஒதுக்கிவிடுவர். ஒதுக்கியவற்றுக்குக் கூலி இல்லை. துணியில் குற்றம் கூறிக் கூலியில் கழிக்கும் வழக்கத்தை அறிந்த நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கண்ணூர்த் தொழிலாளர் 1930களிலேயே சங்கம் கண்டவர்கள். பீடி சுற்றும்பொழுது ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வதும், வாசித்தவருக்குரிய பீடிகளைத் தாமே சுற்றிக் கொடுப்பதும் அவர்களுடைய வழக்கம். எழுத்தறியாதவரும் உலகச் செய்திகளை அவ்வாறு அறிந்தனர்.

1966ஆம் ஆண்டில் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிற்று. வேலை நேரத்திற்கு வரம்பு, வார விடுமுறை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு, பெண்களுக்குப் பேறுகாலச் சலுகை முதலியவற்றை அது வகுத்தது. கேரள அரசு அதனை நடைமுறைப்படுத்த முற்பட்டபொழுது, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கணேஷ் பீடி முதலிய கம்பெனிகள், அச்சட்டத்தின்படி நடப்பதைவிட மூடுவதே மேல் எனத் துணிந்து, 1968 அக்டோபரில் கண்ணூர்ப் பகுதியிலிருந்த தங்கள் பீடிச் சாலைகளை மூடிவிட்டன. சுமார் 12,000 தொழிலாளர் ஒரே நாளில் வேலையிழந்தனர். கம்பெனியின் கதவடைப்புக்கு மறியல் ஒன்றே மறுமொழி என்று அவர்கள் இருந்துவிடவில்லை. தொழிற்சங்கங்களின் முயற்சியாலும் அரசின் உதவியாலும் 1969 பிப்ரவரி 15ஆம் நாள் ‘கேரள தினேஷ் பீடி’ என்னும் தொழிலாளர் கூட்டுறவு தோன்றியது. முதலில் ஏறத்தாழ 3,000 பேர் வேலை பெற்றனர். ஒரு மத்தியச் சங்கமும் அதன்கீழ்த் தொடக்கச் சங்கங்கள் பலவுமாக அது வளர்ந்து, உச்ச நிலையில் 40,000 பேருக்கு மேல் வேலை அளித்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், கூட்டுறவு தோன்றியபின் தொழிற்சங்கங்கள் கலைக்கப்படவில்லை என்பதாகும். பல்வேறு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்கள் அங்கே தத்தம் சங்கத்திலேயே நீடித்துக்கொண்டு, கூட்டுறவின் உறுப்பினராகவும் விளங்கினர். தனியார் முதலாளிகள் தர மறுத்த விடுப்பும், சேமநல நிதியும், போனஸும், பேறுகாலச் சலுகையும் அங்கே வழங்கப்பட்டன. நிர்வாகத்தின் கடினமான முடிவுகளைத் தொழிலாளரிடம் விளக்கவும், ஒழுங்கைக் காக்கவும் தொழிற்சங்கங்களே பெரிதும் உதவின. நிர்வாகம் கூறினால் ஐயுறும் தொழிலாளி, தன் சங்கத் தலைவர் கணக்கைப் பார்த்துவிட்டுக் கூறினால் நம்புவான் அல்லவா?

இம்முறையால் இன்னல் ஏதும் இல்லை என்று கூறமாட்டோம். சட்டப்படி கூலியும் சலுகையும் கொடுத்த தினேஷ், அவற்றைக் கொடாது மலிவாக விற்ற போட்டியாளரோடு பொருதவேண்டியிருந்தது. 1990களில் புகைபிடிக்கும் பழக்கமே குறையத் தொடங்கிற்று. 1999ஆம் ஆண்டில் பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கேரள உயர்நீதிமன்றம் தடைசெய்தது. அச்சங்கம் உணவுப் பொருள், குடை, ஆடை முதலியவற்றின் உற்பத்தியில் இறங்கித் தன்னை மாற்றிக்கொள்ள முயன்றது. ஆயினும் தொழிலாளர் தொகை பெரிதும் குறைந்தது. தொழிற்சங்கம் இருந்தமையால் சந்தை சுருங்கிற்று என்று கூறுதல் பொருந்தாது. அதேபோல், தொழிற்சங்கம் இருந்தால் சந்தையின் இடர்கள் அணுகா என்று எண்ணுவதும் தவறு.

மொந்த்ராகோன் காட்டும் பாடம்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் பகுதியில் உள்ளது மொந்த்ராகோன் என்னும் சிற்றூர். உள்நாட்டுப் போரால் நலிந்திருந்த அவ்வூருக்கு 1941ஆம் ஆண்டில் அரிஸ்மெந்தியரியேத்தா என்னும் இளம் பாதிரியார் வந்தார். அங்கிருந்த பெரிய உலோகக் கம்பெனி, தன் ஊழியரின் பிள்ளைகளுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்திவந்தது. ஊரிலுள்ள பிற சிறுவரையும் சேர்க்குமாறு பாதிரியார் வேண்டினார்; கம்பெனி இசையவில்லை. அவர் ஊராரிடம் பொருள் திரட்டி 1943ஆம் ஆண்டில் தனியாகத் தொழிற்பள்ளி தொடங்கினார். அப்பள்ளியில் பயின்ற ஐவர் பின்னர் அதே கம்பெனியில் பணியாற்றுகையில், நிறுவனத்தின் மூலதனத்தில் தொழிலாளருக்கும் பங்கு வேண்டும் எனக் கேட்டனர். அதற்கும் கம்பெனி உடன்படாமையால் விலகி, 1956ஆம் ஆண்டில் ‘உல்கோர்’ என்னும் பெயரால் தாமே ஒரு நிலையம் கண்டனர். மண்ணெண்ணெயில் எரியும் அடுப்பே அவர்களுடைய முதற் பொருள். 1959ஆம் ஆண்டில் கூட்டுறவு வங்கியும் தோன்றிற்று. இன்று அக்குழுமத்தில் சுமார் 70,000 பேர் பணிபுரிகின்றனர்.

அங்கே ஒருவருக்கு ஒரு வாக்கு. பொதுப்பேரவை நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழு மேலாளரை நியமிக்கும். மேலாளரின் ஊதியம் கடைநிலைத் தொழிலாளியின் ஊதியத்தைப் போல் மும்மடங்குக்கு மிகலாகாது என்பது தொடக்க கால விதி. பிற்காலத்தில் அவ்வரம்பு தளர்த்தப்பட்டது. தொழிலாளரின் குறைகளைக் கூறுவதற்கென ‘சமூகக் குழு’ என்னும் அமைப்பு வேலைப் பிரிவுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் அதற்கு ஆலோசனை கூறும் உரிமையே உண்டு. முடிவு செய்யும் உரிமை இல்லை. தொழிற்சங்கத்துக்கு அங்கே இடமில்லை. அந்நாளில் பிராங்கோவின் ஆட்சியில் சுதந்திரமான தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் நாடு முழுவதிலுமே தடைசெய்யப்பட்டிருந்தன என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஆனால் சட்டத்தின் தடைக்கு மேலாக, கூட்டுறவினுள் உள்விவகாரம் பற்றி வேலைநிறுத்தம் செய்வோரை நீக்கலாம் என்னும் விதியும் இருந்தது. தன்னையே எதிர்த்து ஒருவன் வேலைநிறுத்தம் செய்வது எங்ஙனம் என்பது அவர்களுடைய வாதம்.

அவ்வாதம் 1974ஆம் ஆண்டில் சோதனைக்கு உள்ளாயிற்று. உல்கோர் அப்பொழுது 3,000க்கு மேற்பட்டோர் பணிபுரியும் பெருநிலையமாகிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மதிப்பெண், அதற்கு எவ்வளவு ஊதியம் என்பதை வகுக்கும் புதிய தர மதிப்பீட்டை நிர்வாகம் கொணர்ந்தது. கைத்தொழில் செய்வோர் பலர் தங்கள் வேலை குறைத்து மதிக்கப்பட்டதாகக் கருதினர். முறையீடு பயனளிக்கவில்லை என்று எண்ணிய ஒரு பகுதியினர் வேலையை நிறுத்தினர். நிர்வாகக் குழு அவர்களுள் முன்னின்ற 17 பேரை நீக்கிற்று. ஏனையோருக்குத் தண்டம் விதித்தது. பொதுப்பேரவையும் வாக்கெடுப்பில் அம்முடிவை உறுதிசெய்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978ஆம் ஆண்டில்தான், அவர்களைத் திரும்பச் சேர்க்கப் பேரவை இசைந்தது. இதற்கிடையே பிராங்கோ இறந்து, 1977ஆம் ஆண்டில் தொழிற்சங்கங்கள் நாட்டில் சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டன.

அந்நிகழ்ச்சியிலிருந்து மொந்த்ராகோன் சில பாடங்களைக் கற்றது. நிலையம் மிகப் பெருத்தால் உறுப்பினர் ஒருவரையொருவர் அறியார் என உணர்ந்து, இயன்றவரை சிறு சிறு கூட்டுறவுகளாகப் பிரித்து அமைக்க முற்பட்டது. எனினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. ஷாரின் காஸ்மிர் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் அங்கே தங்கி, ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையையும் தொழிற்சங்கம் இயங்கிய ஒரு தனியார் தொழிற்சாலையையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். கூட்டுறவில் கைத்தொழில் செய்வோர், தங்களை உரிமையாளராக உணர்வதில் மேலாளர்களைக் காட்டிலும் பின்தங்கியிருந்தனர் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. பங்குப் பத்திரம் கையில் இருப்பது வேறு. தன் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று மனம் நம்புவது வேறு.

உல்கோரின் வழிவந்த ‘ஃபாகோர்’ வீட்டுச் சாதன நிலையம் 2013ஆம் ஆண்டில் நொடித்துப்போயிற்று. பாஸ்க் பகுதியின் உறுப்பினர் பெரும்பாலோருக்குக் குழுமத்தின் பிற கூட்டுறவுகளில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. போலந்து, பிரான்சு நாடுகளில் அதன் துணைக் கம்பெனிகளில் உழைத்த கூலித் தொழிலாளருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவர்கள் உறுப்பினர் அல்லர். கூட்டுறவு தன் உறுப்பினருக்குத் தாயாகவும், தன்னிடம் கூலிக்கு உழைப்பவருக்கு வெறும் கம்பெனியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இவ்வனுபவத்தின் பின்னணியிலேயே புதியதொரு முயற்சியும் நடந்தது. அமெரிக்காவின் எஃகுத் தொழிலாளர் சங்கமும் மொந்த்ராகோனும் 2009ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, 2012ஆம் ஆண்டில் ‘தொழிற்சங்கக் கூட்டுறவு’ என்னும் மாதிரி அமைப்பை வெளியிட்டன. அதன்படி, ஆலோசனை மட்டும் கூறும் சமூகக் குழுவின் இடத்தில் தொழிற்சங்கக் குழு அமர்ந்து, கூலி முதலியவை பற்றி நிர்வாகத்துடன் பேசி ஒப்பந்தம் செய்யும். தொழிற்சங்கத்தை விலக்கிவைத்தே புகழ்பெற்ற மொந்த்ராகோன், கடல் கடந்து சென்றபொழுது அதனை அருகில் அமர்த்திக்கொண்டது.

முதலாளிக்கும் முறையீடு உண்டோ?

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அடையும் தெளிவு யாது? உறுப்பினன் ஒருவனே ஆயினும் அவனுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஆண்டுப் பேரவையில் அமரும்பொழுது அவன் உரிமையாளன். சங்கம் நட்டமடையாதிருக்க வேண்டும் என விரும்புகிறான். தறியில் அமரும்பொழுது அவன் உழைப்பாளி. தன் கூலி குடும்பத்திற்குப் போதவேண்டும் என விரும்புகிறான். இவ்விரு விருப்பங்களும் எப்பொழுதும் ஒத்துப்போவதில்லை. பேரவை ஆண்டிற்கு ஒரு முறை கூடுகிறது. குறையோ நாள்தோறும் எழுகிறது. பேரவையில் பெரும்பான்மையின் சொல் வெல்லும். குறையுடையவர் பெரும்பாலும் சிறுபான்மையினரே. சாயமிடுவோர் பத்துப் பேருக்குக் கையுறை வேண்டும் என்னும் கோரிக்கை, ஐந்நூறு நெசவாளர் கூடிய அவையில் எவ்வாறு எடுபடும்? மேலும், நிர்வாகத்தின்மீது எழும் முறையீட்டை அந்நிர்வாகமே விசாரித்துத் தீர்ப்பளிப்பது முறையன்று.

“தொழிற்சங்கம் வந்தால் கட்சி அரசியல் புகும், வேலைநிறுத்தம் வரும், நட்டம் நமக்கே” என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும் சங்கத் தேர்தல்களில் கட்சி புகாமல் இருக்கின்றதா என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பேச வாயில் இல்லாதவிடத்தே பிணக்கு முற்றி வேலைநிறுத்தமாக வெடிக்கிறது என்பதே உல்கோர் தரும் படிப்பினை. அதே வேளையில் தொழிற்சங்கத்தின் கடமையும் பெரிது. தனியார் முதலாளியிடம் கேட்பது போல், கையிருப்பு எவ்வளவு என்று பாராமல் கேட்பது இங்கே தகாது. சங்கத்தின் இலாப நட்டக் கணக்கை உரிமையோடு கேட்டுப் பார்த்து, தாங்கக்கூடியதைக் கேட்பதே நேர்மை.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

நெசவாளர் சங்கங்களிலும் விளைவிப்போர் சங்கங்களிலும் மூவகையினர் உழைக்கின்றனர். வீட்டில் தறியிட்டு நெய்யும் உறுப்பினர் ஒரு வகை. எழுத்தர், விற்பனையாளர் முதலிய சம்பள ஊழியர் இரண்டாம் வகை. சாயமிடுவோர், மூட்டை தூக்குவோர், எடை போடுவோர், காவல் காப்போர் முதலிய தினக்கூலிகள் மூன்றாம் வகை. பின்னிரு வகையினர் பெரும்பாலும் உறுப்பினர் அல்லர். அவர்களுக்குச் சங்கம் ஒரு முதலாளியே. இதில் ஐயம் வேண்டா. “நாம் அனைவரும் ஒரே குடும்பம்” என்று கூறி அவர்களுடைய உரிமையை ஒத்திவைப்பது கூட்டுறவு நெறியாகாது. கூட்டுறவு என்னும் வடிவத்தைத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து தப்பும் வழியாகப் பயன்படுத்தலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2002ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கூறியுள்ளது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டம் மாறினும், சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொள்ளும் உரிமை தொடர்கின்றது.

ஆகவே, நிர்வாகக் குழுக்கள் கீழ்க்காண்பனவற்றைக் கருதுதல் நன்று.

1. எந்த ரகத்திற்கு எவ்வளவு கூலி, எக்குறைக்கு எவ்வளவு கழிவு என்பதை எழுதி, அனைவரும் காணும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். கழித்த தொகைக்குக் காரணம் நெசவாளரின் கைப்புத்தகத்தில் பதியப்பட வேண்டும்.

2. துணியின் தரம் குறித்துப் பிணக்கு எழுந்தால், நெசவாளர் சார்பில் ஒருவர் உடனிருக்க மறுபடியும் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

3. முறையீட்டுப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். முறையீட்டிற்கு இத்தனை நாட்களுக்குள் எழுத்தில் விடை தரப்படும் என விதித்துக்கொள்ள வேண்டும். எவர்மீது முறையீடோ அவர் அதனை விசாரிக்கலாகாது.

4. ஊழியரோ உறுப்பினரோ தொழிற்சங்கம் அமைப்பின், அதன் பொறுப்பாளரை அழைத்துப் பேச வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததன் பொருட்டு ஒருவருக்குப் பாவு தாமதித்தலோ, பணிமாற்றம் செய்தலோ கூடவே கூடாது.

5. ஆண்டில் ஒரு முறையேனும் வரவு செலவுக் கணக்கை, படித்தவர் மட்டும் அன்றி யாவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க வேண்டும். பணமில்லை என்று கூறும் நிர்வாகம், ஏன் இல்லை என்பதைக் காட்டக் கடமைப்பட்டது.

இவற்றுள் பெரும் பொருட்செலவை வேண்டுவது எதுவும் இல்லை. வேண்டுவது, கேள்வி கேட்பவனைப் பகைவனாக எண்ணாத மனப்பான்மை ஒன்றே. கண்ணூரில் கம்பெனி கதவடைத்தபொழுது கூட்டுறவைப் பெற்றெடுத்தது தொழிற்சங்கம். மொந்த்ராகோனில் கம்பெனி செவிசாய்க்காதபொழுது வெளியேறிய ஐவரே கூட்டுறவைத் தோற்றுவித்தனர். பிறர் கேளாமையால் பிறந்த இயக்கம் நம்முடையது. அவ்வியக்கத்தில் அமர்ந்துகொண்டு நாமும் கேளாச் செவியராதல் தகுமோ? அடுத்த பொதுப்பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்த்து, உறுப்பினர் தம் கருத்தை அஞ்சாமல் எடுத்துரைப்பாராக.